நிறுத்தி வைத்த கார் நொறுங்கினால்: 75 சதவீதக் கோடும் உங்க ஐ.டி.வி.யும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

ஏற்காடு போனவங்களுக்குத் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிச்சதும் எல்லாரும் முதல்ல தேடுறது நிழல். காபிச் செடிக்கு நிழல் தர நட்ட சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடி சுத்தினபடி, நெட்டையா நிக்கும். அதன் அடியில காரை விட்டுட்டு ஏரியில படகு விடப் போயிடுவோம். மே மாதம் என்றால் பரவாயில்லை. வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறி, காற்றும் சேர்ந்துகொண்டால் அது கார் நிறுத்துற இடமே கிடையாது.

2024 டிசம்பர் ஆரம்பத்தை நினைச்சுப் பாருங்க. நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்ளே வந்தும் சேர்வராயன் மலையையும் அதைச் சுற்றிய மாவட்டங்களையும் புரட்டி எடுத்தது. சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் அடிச்சுட்டுப் போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. சென்னையில் மழை அலர்ட் வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக ஏத்தி நிறுத்துறாங்க இல்லையா, அதை வெச்சு மீம் போட்டவங்க நிறைய. எனக்கு அது ரொம்பச் சரியான முடிவாத்தான் தெரியுது.

சரி, கார் போச்சு. ஓட்டினது யாரும் இல்லை, தப்பும் யாருடையதும் இல்லை. எவ்வளவு கிடைக்கும்?

முதல் கேள்வி, உங்ககிட்ட இருக்கிறது எந்த பாலிசி? தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் இங்கேயே எபிசோடை நிறுத்திக்கலாம். சட்டம் கட்டாயப்படுத்துவது அதைத்தான், ஆனால் அது உங்க காருக்கு ஒரு பைசா தராது. ஓன் டேமேஜும் சேர்ந்த பாலிசி இருந்தால் வெள்ளம், புயல், நிலச்சரிவு, பாறை உருளுவது எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கும். மரம் விழுவதும், ஏற்காட்டில் சாயங்காலமானால் ரோட்டுக்கு வரும் காட்டெருமை வந்து முட்டுவதும் 'வெளியிலிருந்து நேர்ந்த விபத்து' என்கிற கணக்கில் வந்துடும். கார் நின்னுட்டு இருந்ததா ஓடிட்டு இருந்ததா என்பது பிரச்சினையே இல்லை. கிளெய்ம் ஃபார்மில் டிரைவர் விவரம் கேட்கும் இடத்தில் 'வண்டி நிறுத்தப்பட்டிருந்தது' என்று உள்ளதை எழுதுங்க. சும்மா ஒரு பெயரைப் போட்டு நிரப்பினால் பின்னாடி அதையே பிடிச்சுத் தொங்குவாங்க.

வீக்கெண்டுக்கு 'தெரிஞ்சவர் கார்' என்று சொல்லி வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்கிறவங்க மட்டும் கொஞ்சம் கவனிங்க. சொந்த உபயோகத்துக்கான பாலிசி அது. வாடகைக்கு விட்டது தெரிந்தால் நிபந்தனை மீறல்னு சொல்லி கிளெய்மை மறுப்பாங்க, இல்லை குறைப்பாங்க. உரிமையாளருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய சண்டை ரெடி.

இப்போ விஷயத்துக்கு வரேன். ஐ.டி.வி. என்று பாலிசியில் ஒரு எண் இருக்கும், உங்க காருக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பு. அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையில் வயசுக்கு ஏற்பக் கழிச்சு வருவது. ஒன்று முதல் இரண்டு வருஷத்துக்கு 20 சதவீதம், இரண்டு முதல் மூன்றுக்கு 30, அப்புறம் 40, நாலு முதல் ஐந்துக்கு 50. ஐந்து வருஷத்துக்கு மேல் என்றால் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்ணுவது. முழு நஷ்டம் என்று வந்தால் அந்தப் பாலிசி வருஷம் முழுக்க அந்த எண்தான் சந்தை மதிப்பு. பாலிசி எடுத்துப் பத்து மாதம் ஆச்சு, தேய்மானம் கழிக்கணும்னு யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க. அதே மாதிரி, இன்னைக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் இதுக்கு ஒரு லட்சம் அதிகம் போகுதுன்னு நீங்களும் கேட்க முடியாது.

ஆன்லைனில் புதுப்பிக்கும்போது ஐ.டி.வி.யை ஏத்தி இறக்க ஒரு ஸ்லைடர் இருக்கும் பாருங்க. இடது பக்கம் இழுத்தால் பிரீமியம் குறையும். ஒரு டெவலப்பரா சொல்றேன், மொத்த ஸ்கிரீனிலும் அவ்வளவு சாதுவா உட்கார்ந்திருக்கிற, அவ்வளவு காஸ்ட்லியான பட்டன் வேற கிடையாது. சில நூறு, மிஞ்சிப்போனால் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பண்ண லட்சத்தை விட்டுக்கொடுக்கிறோம்.

அடுத்தது 75 சதவீதக் கோடு. மீட்டு எடுக்கும் செலவும் ரிப்பேர் செலவும் சேர்ந்து ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகக் கணக்கிடுவாங்க. டோட்டல் லாஸ்னு வொர்க்‌ஷாப்பில் சொல்றது இதைத்தான். தாண்டாவிட்டால் ரிப்பேர்.

ஆனால் எந்த எண் 75-ஐத் தாண்டணும்? வொர்க்‌ஷாப் எஸ்டிமேட் இல்லை. 'பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று ஒரு வால் அந்த விதியிலேயே இருக்கு. அதை வெச்சு, தேய்மானம் கழிச்சு, கம்பெனி தர வேண்டியது எவ்வளவுன்னு சர்வேயர் மதிப்பிடும் தொகையைப் பார்ப்பாங்க.

ஒரு கணக்கு போடுவோம். நாலாவது வருஷத்தில் இருக்கிற கார், 1500 சி.சி.க்குள். ஐ.டி.வி. 5 லட்சம், அப்போ கோடு 3,75,000-ல. மரம் விழுந்து கூரை உள்ளே போயிருக்கு. வொர்க்‌ஷாப் எஸ்டிமேட் 4,40,000. இதில் உலோக பாகங்கள் 2 லட்சம், பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் 1 லட்சம், கண்ணாடி 40,000, லேபர் 1 லட்சம்னு வெச்சுக்கோங்க. மூணு முதல் நாலு வயசு காரின் உலோகத்துக்கு 25 சதவீதம் கழிவு, 50,000 போச்சு. பிளாஸ்டிக் வகையறாவுக்கு 50 சதவீதம், இன்னொரு 50,000. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்ட்டில் பிடிப்பதை விட்டுவிட்டாலும் 3,40,000-தான் நிற்கும். கோட்டுக்குக் கீழே! காரை ரிப்பேர் பண்ணுவாங்க, 1 லட்சமும் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாயும் உங்க கையிலிருந்து போகும், திரும்பி வருவது தூண் நிமிர்த்தின கார். ஜீரோ டெப் ஆட்-ஆன் இருந்தால் இந்தக் கழிவு பெரும்பாலும் போயிடும், கம்பெனி தர வேண்டிய தொகை ஏறும், அதே கார் கோட்டைத் தாண்டிடலாம்.

அதனாலதான் வொர்க்‌ஷாப் அட்வைசர் 'இது கண்டிப்பா டோட்டல் லாஸ் சார்' என்று சொன்னதும் நிம்மதியாகி, வண்டியைப் பிரிக்கக் கையெழுத்துப் போட்டுடாதீங்க. சர்வேயர் பார்த்து, மதிப்பீட்டை எழுத்தில் தரட்டும். சர்வே ரிப்போர்ட்டின் நகல் கேட்டு வாங்குவது உங்க உரிமை. வொர்க்‌ஷாப்கிட்ட எஸ்டிமேட் சார்ஜ், தினசரி பார்க்கிங் சார்ஜ் இருக்கான்னு அன்னைக்கே கேளுங்க. முழு நஷ்டம்னு முடிவானால் ரிப்பேர் வேலை அவங்களுக்குக் கிடைக்காது, அந்தப் பணத்தை சில இடங்களில் உங்ககிட்ட வசூல் பண்ணப் பார்ப்பாங்க.

சர்வேயர் எப்போ வரணும்? 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்கணும், 15 நாளில் அவர் ரிப்போர்ட், அது வந்த 7 நாளில் கம்பெனியின் முடிவு. மலையில் சிக்கிக்கிட்டு ஒரு நாள் தாமதமா தகவல் சொன்னாலும், வெறும் தாமதத்தைக் காரணம் காட்டி நியாயமான கிளெய்மை நிராகரிக்கக் கூடாதுன்னு 2011-லேயே சுற்றறிக்கை இருக்கு. இருந்தாலும் சிக்னல் கிடைச்ச முதல் இடத்தில் கூப்பிட்டுடுங்க. அதுக்கு முன்னாடி, மரத்தை வெட்டி எடுக்கிறதுக்குள்ள, நம்பர் பிளேட்டும் மரமும் ஒரே ஃபிரேமில் வர்ற மாதிரி போட்டோ எடுங்க. ஏற்காடு ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பது நல்லது. வெள்ளம் புகுந்த வண்டி என்றால் சாவியைத் தொடவே தொடாதீங்க. ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போனால், அது வெள்ளத்தால் போனதில்லை, நீங்க பண்ணதுன்னு வாதம் வரும்.

மலையிலிருந்து இறக்குறது தனி செலவு. தனியார் காருக்கு ஸ்டாண்டர்டு பாலிசியில் வண்டியை எடுத்துப்போக 1,500 ரூபாய் வரைதான். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ரெக்கவரி வண்டி அந்தக் காசுக்கு வருமான்னு நீங்களே யோசிங்க. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருக்கான்னு பாருங்க. இல்லை என்றால் பில்லை வாங்கி வைங்க.

மதிப்பீடு 4 லட்சம்னு வந்து முழு நஷ்டமே ஆகுதுன்னு வெச்சுப்போம். உடைஞ்ச வண்டிக்கு ஏலக் கொட்டேஷன் வாங்குவாங்க, 1,20,000 என்று வந்தால், வண்டியைக் கம்பெனியிடம் விட்டுட்டு 4,99,000 வாங்கலாம், இல்லை வண்டியை நீங்களே வெச்சுக்கிட்டு 3,79,000. லோன் இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும். 3 லட்சம் பாக்கி என்றால் மிச்சம்தான் உங்களுக்கு. லோன் ஐ.டி.வி.யை விட அதிகமா இருந்தால் இல்லாத காருக்கு ஈ.எம்.ஐ. கட்டிட்டே இருக்கணும். புதுக் காருக்கு ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் ஆட்-ஆன் உண்மையிலேயே பயன்படுறது இங்கேதான். நோ கிளெய்ம் போனஸும் போயிடும், தப்பு உங்களுடையது இல்லைன்னாலும்.

தங்கின இடத்தில் 'பார்க்கிங் ஓனர்ஸ் ரிஸ்க்' போர்டு இருந்ததா? நீங்களே நிறுத்தி, சாவியும் உங்க பையில் இருந்தால், இயற்கைச் சீற்றத்துக்கு அவங்களைப் பிடிப்பது கஷ்டம். சாவியை வேலட்டிடம் கொடுத்திருந்தால் கதை வேற. டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் 1998-ல் திருட்டுப் போன ஒரு மாருதி ஜென் வழக்கில், 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, சாவியை வாங்கின ஹோட்டல் தன் அலட்சியத்துக்கு அந்த போர்டைக் காட்டித் தப்பிக்க முடியாதுன்னு.

கம்பெனி இழுத்தடிச்சால் முதலில் அவங்க குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். பீமா பரோசா தளத்திலும் போடலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். 50 லட்சம் வரை, ஃபீஸ் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மறுப்பு வந்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

கடைசியா ஆர்.சி. பழைய இரும்பு வாங்குறவருக்கு வண்டியை விட உங்க ஆர்.சி. மேலதான் கண்ணு. ஆர்.சி. உயிரோட இருந்தால் வண்டிக்கு விலை அதிகம், ஏன்னா அந்த சேசிஸ் நம்பரைத் திருட்டு வண்டிக்கு மாத்தி ஓட்டுறவங்க இருக்காங்க. அதனால வெற்று ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீங்க. ஓட்டவே முடியாத நிலை என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியப்படுத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவே சொல்லுது. வண்டியை ஒப்படைக்கும் தேதியோட ஒரு ரசீது வாங்கிக்கோங்க. ஃபாஸ்டேக்கை விண்ட்‌ஷீல்டிலிருந்து உரிச்சுட்டு, கணக்கையும் மூடிடுங்க.