இயக்கி என்னும் துபாஷி

சென்ற ஆண்டு எனது பழைய காரிலே எஞ்சின் விளக்கு எரிந்தது. கராச்சிலே சோதனைக் கம்பியைப் பொருத்திப் பார்த்தனர். கணினி மௌனஞ் சாதித்தது. “கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுவிட்டது, மாற்றவேண்டும்” என்றனர். கேட்ட தொகையோ எனது இரண்டு மாதச் சம்பளம். என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவரொருவர் வந்து, காரைத் தொடாமலே கணினியை மட்டும் ஆராய்ந்தார். பிழை இயக்கியில் இருந்தது. அது திருந்தியதும் கார் பேசிற்று: பழுதானது ஒட்சிசன் உணரி ஒன்றே.

காரின் குறையைக் கணினியால் அறியும் ஓ.பி.டி. 2 என்னும் ஒழுங்கு, அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதலாகக் கட்டாயமாயிற்று. அதற்குரிய 16 முனைப் பொருத்தி பெரும்பாலும் சுக்கானின் கீழே இருக்கும். அதனையும் கணினியையும் இணைப்பது சோதனைக் கம்பி. கம்பியின் மொழியைக் கணினிக்கு உணர்த்தும் மென்பொருளே இயக்கி. ‘டிரைவர்’ என்றால் நமக்குச் சாரதியே நினைவில் வருவான். இதன் தொழிலோ துபாஷியின் தொழிலாம்.

இதனை நிறுவும் முறை எளிது. கம்பியிலுள்ள சில்லு யாதென அறிந்து, அதனைச் செய்தோர் வழங்கும் இயக்கியையே முதலில் நிறுவுக. பின்னரே கம்பியைக் கணினியிற் செருகுக. விண்டோஸ் கணினியாயின் ‘டிவைஸ் மனேஜர்’ பட்டியலைத் திறந்து நோக்குக. கம்பியின் பெயரருகே மஞ்சட் குறி தோன்றின், துபாஷி இல்லை அல்லது பொருந்தவில்லை என்பது கருத்து. குறியின்றித் தோன்றின், அங்கே காணும் கொம் போர்ட் இலக்கத்தையே சோதனை மென்பொருளிலும் குறிக்க. எனது கார் வாய் திறவாதிருந்தது இவ்விலக்கம் மாறியிருந்தமையாலேயே. இவையெல்லாம் சரியாயிருந்தும் பேச்சின்றேல், சாவியைத் திருப்பி மின்னோட்டம் உண்டாவெனப் பார்க்க. காரை ஐயுறுவது அதன் பின்னரே.

மலிவான போலிச் சில்லுகள் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, ஸ்கொட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தார் விண்டோஸ் புதுப்பித்தல் வழியாக விடுத்த இயக்கி, தம் சில்லுகளின் போலிகளைக் கண்டு, அவற்றின் அடையாள எண்ணைச் சுழியாக்கிற்று. நேற்றுவரை இயங்கிய கம்பிகள் இன்று அறியப்படாதொழிந்தன. எதிர்ப்பு எழவே அவ்வியக்கி மீட்கப்பட்டது. போலி விற்றவன் குற்றத்துக்கு, அறியாது வாங்கியவன் தண்டனை பெற்றான்.

மாணவர்காள்! விடை வரவில்லையெனில், விடையளிப்பவனைப் பழிக்குமுன், கேள்வி அவனைச் சென்றடைந்ததோவென ஆராய்க. இது கார் திருத்துவோர்க்கு மட்டுமன்று. வகுப்பறையில் நிற்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் உரிய பாடமாம்.