தலைநகரில் மலிவு விலைக் கார்: வாங்குமுன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள்

புது தில்லி: தலைநகரில் பழைய டீசல் கார்கள் மலிவாக விற்கப்படுவதற்கு என்ஜின் பழுதைவிடச் சட்டமே பெரிய காரணம். 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும், 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் தில்லி வட்டாரத்தில் ஓடத் தடை விதித்த தேசிய பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2025-ல் சில தளர்வுகளை அந்நீதிமன்றமே அளித்த போதிலும், வயது வரம்பை நெருங்கும் காரை விற்றுவிடவே உரிமையாளர்கள் பலர் விரும்புகின்றனர். தடையில்லாச் சான்று பெற்று வெளிமாநிலத்துக்குக் கொண்டு செல்வோருக்கு இது லாபம்தான். ஆனால், சட்டத்தால் விலை குறைந்த காரையும், தேய்மானத்தால் விலை குறைந்த காரையும் பார்வையால் மட்டும் பிரித்தறிய இயலாது.

வாங்குபவர் வருமுன்பே என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது விற்பனையாளர் சிலரின் வழக்கம். எனவே முதலில் பானெட்டின் மீது கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் மறுநாள் காலை வருவதே நல்லது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக் கொள்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அழுத்தம் குறையும். குளிர்ந்த என்ஜின் எளிதில் கிளம்பாது. "குளோ பிளக்தான் கோளாறு" என்று சமாதானம் கூறப்படலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். மாற்றித் தந்த பிறகு பணம் கொடுத்தால் போயிற்று.

நீல நிறப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை அடங்காமல் தொடர்ந்தால் குளிர்விப்பு நீர் கசிகிறதா எனப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்தால் புகை பலமாகப் பீறிடக் கூடாது. மூடியின் அடியில் பால் போன்ற படிவு இருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கலாம். ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. டீசல் காரில் அது இயல்பு.

2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டராக உயர்ந்து தில்லியின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற காரைக் கிளப்பியிருந்தால் சிலிண்டருக்குள் புகுந்த நீரால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக் கூடும். இருக்கைக்கு அடியில் உள்ள துருவும், பெல்ட்டை முழுவதும் இழுத்தால் தெரியும் சேற்றுக் கறையும் இதைக் காட்டிக் கொடுக்கும்.

ஐயம் தீராவிட்டால், வாங்குபவர் தமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காரைக் கொண்டு சென்று ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்கலாம். இதற்கு விற்பவர் மறுத்தால் வேறு காரைப் பார்க்கலாம்.