‘செனிலிஸ்’: ஓர் அடைமொழியின் வரலாறு

இலத்தீன் மொழியிலே ‘செனெக்ஸ்’ என்னுஞ் சொல் முதியவனைக் குறிக்கும். வடமொழியிற் பழமையைச் சுட்டும் ‘சன’ என்பது இதற்கு உறவுச்சொல். ‘சனாதனம்’ அதன்வழி வந்ததே. உரோமர் தம் மூதவைக்குச் ‘செனற்’ எனப் பெயரிட்டதும் இவ்வடியினின்றேயாம். ‘மூத்தவர்’ எனப் பொருள்படும் ‘செனியோர்’ பிற்கால மொழிகளிலே மதிப்புப் பெயராயிற்று. இத்தாலியரின் ‘சிஞோரே’, ஸ்பானியரின் ‘செஞோர்’, பிரெஞ்சுக்காரரின் ‘மொசியே’, ஏன், நம் வகுப்பறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் ‘சேர்’ என்பதும் அதன் வழித்தோன்றல்களே.

அதே அடியிற் பிறந்த ‘செனிலிஸ்’ என்னும் அடைமொழியின் ஊழோ வேறு. ‘முதுமைக்குரிய’ என்பதே அதன் பொருள். கி.மு. 44இல் முதுமைபற்றி நூல் செய்த சிசரோ, இவ்வடையைப் பேதைமையோடு சேர்த்துக் கூறுமிடத்தும், அப்பேதைமை முதியோர் எல்லார்க்கும் உரியதன்றென வரையறுக்கின்றார். 14ஆம் நூற்றாண்டிலே பெற்றராக் தம் முதுமைக்காலக் கடிதத் தொகுதிக்கு இச்சொல்லாலேயே பெயரிட்டார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்த ‘சீனைல்’ முதலில் அப்பொருளையே தாங்கிற்று. 19ஆம் நூற்றாண்டிலே தளர்ச்சியும் அறிவுமழுக்கமும் அதன்மேல் ஏறின. யேர்மானியர் முதியோரைச் ‘செனியோரென்’ என்பது மதிப்புரை. ‘செனீல்’ என்பாராயின் அது வசை! இத்தாலியத்திலோ ‘செனிலே’ இன்றும் முதுமைப்பருவத்தை இகழ்ச்சியின்றிச் சுட்டவல்லது. 1898இல் இத்தாலோ ஸ்வேவோ ‘செனிலித்தா’ என்றொரு நாவல் வெளியிட்டார். அதன் தலைவனுக்கு வயது முப்பத்தைந்தே. அந்நூல் 1932இல் ஆங்கிலத்தில் வந்தபோது அச்சொல் தலைப்பில் இடம்பெறவில்லை. ‘ஒருவன் முதுமையடைகையில்’ எனப் பொருள்படும் தலைப்பை ஜேம்ஸ் ஜோய்ஸ் தெரிந்துதவினார்.

இது சொல்லாராய்ச்சியளவில் நின்றிருந்தால் வேடிக்கையாய் முடிந்திருக்கும். 1906இல் அல்சைமர் என்னும் யேர்மன் மருத்துவர், ஐம்பத்தைந்து வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையிற் கண்ட சிதைவுகளை விளக்கினார். 1910இல் கிரெப்பலின் அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். ஆயினும் நடுவயதினர்க்கு வந்தாலே அது ‘அல்சைமர் நோய்’. எழுபது வயதினர்க்கு வந்தாலோ ‘சீனைல்’ அறிவிழப்பு என்னும் வேறொன்றாகக் கொள்ளப்பட்டது. பின்னதை முதுமையின் இயல்பெனப் பலர் கைவிட்டனர். இதற்கு அடைமொழி ஒன்றே காரணமெனல் மிகை. ஆனால், முதுமைக்குரியது என்று பெயரிலேயே கூறப்பட்ட பின் நோயென்று தேடுவார் யார்? 1976இலே அமெரிக்க மருத்துவர் றொபேட் கற்ஸ்மன் அவ்விரண்டும் ஒன்றேயென வலியுறுத்தினார். அதன்பின்னரே முதியோரின் அறிவிழப்பு பெரும்பிணியாகக் கருதப்பட்டு ஆராய்ச்சி பெருகிற்று. மருத்துவர் இப்பொழுது அவ்வடையைப் பெரிதும் விலக்கி, கண்ணிலே தோன்றும் புரையைக்கூட ‘வயதோடு தொடர்புடையது’ என்றே வழங்குகின்றனர்.