விடைத்தாள் மாறவில்லை, ரேங்க் மாறியது: 2025 கீம் கணக்கு எப்படிப் போடப்பட்டது?

2025-இல் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டுச் சேர்க்கையை ஆகஸ்ட் 14-க்குள் முடித்தாக வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) வைத்த கெடு. கேரளத்தில் மாநிலப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீம் வழியிலான அலாட்மென்ட் வேகமாக நடந்தது. இந்த அவசரத்துக்கு நடுவே போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி வாசகர்களின் கடிதங்கள் குவிந்தன. அவற்றில் இரண்டு வகை. "ஜூலை 1-ஆம் தேதி வந்த ரேங்க் ஜூலை 10-ஆம் தேதி ராத்திரி எப்படிச் சரிந்தது? பையன் என்ன தப்பு செய்தான்?" என்பது ஒன்று. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் எழுதுவது இன்னொன்று: "அரசுப் பள்ளியில் சேர்த்தது தவறா? கடன் வாங்கியாவது சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றிவிடலாமா?"

இரண்டாவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஜூலை 1 பட்டியலில் முதல் 100 ரேங்குகளில் 43 பேர் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள். கேரள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகு வந்த பட்டியலில் 21 பேர். முதலிடமே கைமாறியது. இடைப்பட்ட நாட்களில் எந்தப் பிள்ளையும் புதிதாகத் தேர்வு எழுதவில்லை. எந்த விடைத்தாளும் மறுபடி திருத்தப்படவில்லை. மாறியது ஒரு சமன்பாடு. அப்படியிருக்க, இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "அரசுப் பள்ளி மட்டம், தனியார் பள்ளி உசத்தி" என்று தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

எது அரசுப் பள்ளி, எது தனியார்?

கேரளத்தில் இந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. 'வெளி' என்ற பகுதியிலுள்ள எட்வர்ட் மெமோரியல் பள்ளி அரசுடையது. போர்ட் கொச்சி சாந்தா குரூஸ் பள்ளியும் மட்டாஞ்சேரி டி.டி. பள்ளியும் எய்டட் பள்ளிகள்: ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது, நியமனம் நிர்வாகத்தின் கையில். இவை எல்லாமே மாநிலப் பாடத்திட்டம். சிபிஎஸ்இ பள்ளிகளோ, கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்றவற்றை விட்டால், பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள்.

ஆகவே "மாநிலம் எதிர் சிபிஎஸ்இ" என்று அதிகாரிகள் புள்ளிவிவரம் தரும்போது, அரசு, எய்டட், தனியார் என்ற நிர்வாக வேறுபாடு அதற்குள் கரைந்துபோகிறது. திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியிலோ (சிஇடி) திருக்காக்கரை மாடல் பொறியியல் கல்லூரியிலோ சேர்ந்த மாநிலப் பாடத்திட்ட மாணவர்களில் அரசுப் பள்ளியிலிருந்து போனவர் எத்தனை, எய்டட் பள்ளியிலிருந்து போனவர் எத்தனை, இரண்டு வருடம் பயிற்சி மைய விடுதியில் தங்கிவிட்டுப் பெயருக்கு ஒரு பள்ளியில் பதிவு வைத்திருந்தவர் எத்தனை? பாடத்திட்ட வாரியான கணக்கு இதைச் சொல்லாது. நம் பெற்றோர் கேட்பதோ இதைத்தான்.

அந்தச் சமன்பாடு

கீம் பொறியியல் ரேங்க் 600 மதிப்பெண்ணுக்குப் போடப்படுகிறது. பாதி, அதாவது 300, என்ட்ரன்ஸ் தேர்வுக்கு. மறுபாதி பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணுக்கு. என்ட்ரன்ஸ் எல்லோருக்கும் பொது. பிளஸ் டூ அப்படியில்லை. ஒவ்வொரு வாரியமும் ஒவ்வொரு விதமாகக் கேள்வி கேட்கிறது, ஒவ்வொரு விதமாக மதிப்பெண் போடுகிறது. தாராளமாகப் போடும் வாரியத்தின் 98-ஐயும் கறாராகப் போடும் வாரியத்தின் 95-ஐயும் நேருக்கு நேர் வைக்க முடியாது. இதைச் சரிசெய்யத்தான் 2011 முதல் சமப்படுத்தும் முறை இருக்கிறது.

பழைய முறை, அதாவது நீதிமன்றத் தீர்ப்பால் 2025-இல் மீண்டும் உயிர்பெற்ற முறை, இரண்டு எண்களை நம்பி நிற்கிறது. ஒன்று, அந்த வாரிய மாணவர்களின் சராசரி. இரண்டு, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு. ஒரு மாணவர் தன் வாரியச் சராசரியைவிட எத்தனை திட்ட விலக்கம் மேலே நிற்கிறார் என்று பார்த்து, அந்த உயரத்தை எல்லா வாரியங்களுக்குமான பொதுச் சராசரியின் மேல் தூக்கி வைப்பார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்க்கலாம். விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. உண்மையான வாரிய எண்கள் அல்ல. பொதுச் சராசரி 70, பொதுத் திட்ட விலக்கம் 15 என்று கொள்வோம். 'அ' வாரியம் தாராளமானது: சராசரி 80, திட்ட விலக்கம் 12. அங்கே 98 வாங்கிய மாணவி சராசரியைவிட 18 மேலே, அதாவது ஒன்றரைத் திட்ட விலக்கம் மேலே நிற்கிறாள். அவளுடைய புதிய மதிப்பெண் 70-உடன் 15-இன் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் வருவது: 92.5. 'ஆ' வாரியத்தில் சராசரி 68, திட்ட விலக்கம் 15. அங்கே 95 வாங்கியவன் சராசரியைவிட 27 மேலே. அவனுக்கு 97. 98 வாங்கியவளுக்கு 92.5, 95 வாங்கியவனுக்கு 97.

இந்தக் கணக்கில் அறிவு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரியம் கருணையோடு அள்ளிப் போட்டால் சராசரி ஏறும். சராசரி ஏறினால் அந்தக் கருணை தானாகவே கழிந்துவிடும். கேரள மேல்நிலை வாரியம் கருணை காட்டியதும் உண்டு. 2020-இல் பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 18,510 பேர். கோவிட் காலத்தில் 'ஃபோகஸ் ஏரியா' என்று பாடத்தைக் குறுக்கி, கூடுதல் கேள்விகளிலிருந்து தேர்ந்து எழுத விட்ட 2021-இல் அது 48,383. ஒரே வருடத்தில் கேரளப் பிள்ளைகளின் மூளை இரண்டரை மடங்கு பெருகியது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் இதே கணக்குக்குள் மூன்று சிக்கல்கள் உறங்குகின்றன.

முதலாவது, உச்சவரம்பு. மேலே சொன்ன 'அ' வாரியத்தில் ஒருத்தி 100-க்கு 100 வாங்கினாலும் அவளுக்குக் கிடைப்பது 95. அதற்கு மேல் வாங்க மதிப்பெண்ணே இல்லை. 'ஆ' வாரியத்தில் 5 மதிப்பெண் விட்டவனை, ஒரு மதிப்பெண்கூட விடாதவளால் எட்ட முடியாது. மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் 15, 20 மதிப்பெண் போகிறது என்று ஆண்டுதோறும் குமுறிய இடம் இதுதான். 600-க்கு நடக்கும் போட்டியில் 15 மதிப்பெண் என்பது விரும்பிய கல்லூரிக்கும் கிடைத்த கல்லூரிக்கும் உள்ள தூரம்.

இரண்டாவது, கணக்கு வெளியே சொல்லாத ஓர் அனுமானம். எல்லா வாரியங்களின் மாணவர்களும் சராசரியில் சமமான திறமை உள்ளவர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. சராசரி கூடியிருந்தால் காரணம் தாராளத் திருத்தம்தான் என்று முடிவு கட்டுகிறது. ஒரு வாரியத்தின் பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாகப் படித்து, ஆசிரியர்கள் உண்மையிலேயே உழைத்து, அதனால் சராசரி ஏறியிருந்தால்? அந்த உழைப்பையும் கருணையாகவே கணக்கில் எடுத்து வெட்டிவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் இந்தச் சமன்பாட்டுக்கு இல்லை.

மூன்றாவது, தண்டனை போய்ச் சேரும் இடம். தாராளமாகத் திருத்தச் சொன்னது அரசு. நல்ல தேர்ச்சி விகிதத்தைக் காட்டி மார் தட்டியது அரசு. மதிப்பெண்ணை இழப்பது பிள்ளை.

ஜூலை 1-இல் நடந்தது

மாணவர்களுக்கு நீதி செய்கிறோம் என்று சொல்லி அரசு கொண்டுவந்த புதிய முறை எளிமையானது. ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் யாராவது வாங்கிய அதிகபட்ச மதிப்பெண்ணை 100 ஆக்கி, மற்றவர்களை அதே விகிதத்தில் உயர்த்துவது. உச்சம் 95 என்றால் 90 வாங்கியவருக்கு 94.74. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் பழக்கமான முறைதான். கூடவே, மூன்று பாடங்களுக்கும் சமமாக இருந்த எடை, கணிதம் 5, இயற்பியல் 3, வேதியியல் 2 என்று மாறியது.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. இரண்டு வாரியங்களிலும் யாராவது ஒருவர் 100 வாங்கிவிட்டால் எந்தத் திருத்தமும் நடக்காது. தாராளம் அப்படியே ரேங்காக மாறும். பல்லாயிரம் பேரின் மதிப்பெண்ணை ஒற்றை மாணவரின் மதிப்பெண் தீர்மானிக்கும். பழைய முறை தாராளத்தைக் கழிக்கிறேன் என்று உழைப்பையும் கழித்தது. புதிய முறை உழைப்பைக் காக்கிறேன் என்று தாராளத்தையும் காத்தது.

என்னை அதிகம் கலங்கவைப்பது தேதிகள். விவரக் குறிப்பேடு வெளியானது பிப்ரவரி 19. என்ட்ரன்ஸ் ஏப்ரலில். மதிப்பெண் மே மாதம். பிளஸ் டூ முடிவுகளும் மே மாதமே. குறிப்பேட்டைத் திருத்தியது ஜூலை 1, ரேங்க் பட்டியல் வெளியான அதே நாளில். எந்தச் சமன்பாடு போட்டால் யார் மேலே வருவார், யார் கீழே போவார் என்பதைக் கணினியில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய நிலையில் சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சீனவலைக் கரையில் மீனை நிறுத்தாயிற்று, விலையும் பேசியாயிற்று. அதற்குப் பிறகு எடைக்கல்லை மாற்றினால் புதிய கல் சரியான கல்லாகவே இருந்தாலும் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஒரு சிபிஎஸ்இ மாணவி தொடுத்த வழக்கில் நீதிபதி டி.கே. சிங் ஜூலை 9 அன்று பட்டியலை ரத்து செய்தார். மறுநாளே அரசின் மேல்முறையீட்டை இரு நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தது. அன்று இரவு பழைய முறையில் புதிய பட்டியல் வந்தது. ஜூலை 16 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டுச் சேர்க்கையில் தலையிட மறுத்துவிட்டது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய பின் விதியை மாற்றக்கூடாது என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. பழைய சமன்பாடு நியாயமானது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சிபிஎஸ்இ பள்ளிகள் இதைத் தங்கள் கல்வித் தரத்துக்குக் கிடைத்த சான்றிதழாக விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

டெல்லியில் ஒரு முறை

இதே சண்டை 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வேறு வடிவில் நடந்தது. அங்கே அப்போது சமப்படுத்தல் கிடையாது. கட்-ஆஃப் 100 சதவீதம் என்று வைத்த இந்துக் கல்லூரி அரசியல் அறிவியல் வகுப்பில், 20 பொது இடங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள்; பெரும்பாலோர் கேரள வாரியத்திலிருந்து. ஒரு பேராசிரியர் அதற்கு மதச் சாயம் பூசி 'மார்க் ஜிகாத்' என்றார். இடம் பிடித்த பிள்ளைகள் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. 2022-இல் சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண் சேர்க்கையிலிருந்து வெளியேறியது. அதோடு பயிற்சி மையங்களுக்கு இன்னொரு வாசல் திறந்தது.

வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதற்கான தரவும் நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாணவரின் பிளஸ் டூ மதிப்பெண்ணும் என்ட்ரன்ஸ் மதிப்பெண்ணும் அவர்களிடம் உண்டு. பிளஸ் டூவில் 95-க்கு மேல் வாங்கிய மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் என்ட்ரன்ஸில் சராசரியாக எவ்வளவு, அதே அளவு வாங்கிய சிபிஎஸ்இ மாணவர்கள் எவ்வளவு என்று ஓர் அட்டவணை போடட்டும். தாராளம் எங்கே, எவ்வளவு என்பது ஓரளவு வெளிச்சத்துக்கு வரும். ஓரளவுதான். பாலாவிலும் திருச்சூரிலும் பணம் கட்டிப் பயிற்சி பெற்றவர் என்ட்ரன்ஸில் கூடுதலாக வாங்குவார். அதைப் பள்ளியின் தரம் என்று எழுதிவிடக்கூடாது. அதனால்தான் அட்டவணை அரசு, எய்டட், தனியார் என்று பிரித்தும் வேண்டும்.

தமிழ்நாடு இந்தக் கணக்குச் சண்டையைச் சுற்றிப் போகவில்லை; நேராகவே பள்ளியைப் பார்த்தது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தது. கேரளத்தில் அதைக் கொண்டுவந்தால் எய்டட் பள்ளி உள்ளேயா வெளியேயா என்ற கேள்வியிலேயே முதல் வழக்கு வரும்.

மற்ற கேள்விகள்

*2025 ரேங்க் மீண்டும் மாறியதா?* இல்லை, அந்த ஆண்டுச் சேர்க்கை ஜூலை 10 பட்டியலின்படிதான்.

*ஆப்ஷனை எந்த வரிசையில் கொடுப்பது?* கிடைக்கும் என்று நினைக்கும் வரிசையில் வேண்டாம், விரும்பும் வரிசையில் கொடுங்கள். அலாட்மென்ட் கிடைத்தால் அதற்குக் கீழுள்ளவை மட்டுமே ரத்தாகும்.

*அடுத்த கட்ட அலாட்மென்டுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?* மேல் ஆப்ஷன் வேண்டுமென்றால் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும், விட்டால் போச்சு.

*மருத்துவத்துக்கும் இந்தக் குழப்பம் உண்டா?* இல்லை, அங்கே நீட் மதிப்பெண்தான்.

*கோழிக்கோடு என்ஐடி?* ஜேஇஇ மெயின் வழி. பிளஸ் டூ மதிப்பெண் தகுதி வரம்புக்கு மட்டும்.

*களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்)?* தனி நுழைவுத் தேர்வு.

*பிளஸ் ஒன்னுக்குச் சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றலாமா?* ரேங்குக்காக மாற்ற வேண்டாம். இரண்டு வருடம் கழித்து எந்தச் சமன்பாடு இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று பள்ளிக்கே போய்ப் பாருங்கள். கடன் வாங்கும் பணம் அதைவிடப் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவராது.

*தோபிக்கானாவில் துணி வெளுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல கல்லூரி கிடைக்குமா?* கிடைக்கும். ஆனால் ஒவ்வோர் ஆண்டுக்குமான சமன்பாட்டையும், ஒவ்வொரு வாரியத்தின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் விண்ணப்பம் தொடங்கும் முன்பே அரசு வெளியிட்டாக வேண்டும், வெளியிட்ட பிறகு அதில் கை வைக்கக்கூடாது. சேர்க்கை முடிந்ததும் இந்தப் பேச்சு அடங்கிவிடும். அடங்கவிடாமல், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைக் கேட்டுத் தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.