பில் கேட்ஸின் தானமும் புலனத்தில் வந்த வதந்தியும்

2021-இல் கோவிட் தடுப்பூசிக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்த நேரம். ஊசிக்குள் பில் கேட்ஸ் சில்லு வைத்திருக்கிறார் என்ற வதந்தி உலகம் முழுவதும் சுற்றியது. நம் குடும்பப் புலனக் குழுக்களையும் அது விட்டுவைக்கவில்லை. அது முழுப் பொய். ஆனால், கோடி கோடியாகக் கொடுக்கும் ஒருவர்மீது ஏன் இத்தனை சந்தேகம்?

அவருடைய பழைய கதையும் ஒரு காரணம். மைக்ரோசாஃப்ட் வளர்ந்த காலத்தில் கேட்ஸ் ஈவிரக்கமற்ற வியாபாரி என்றே பேர் வாங்கினார். நெட்ஸ்கேப் என்ற போட்டி நிறுவனத்தை ஒழிக்க, தன் இணைய உலாவியை விண்டோஸ் மென்பொருளோடு சேர்த்தே கொடுத்தார். காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளுக்கு எதிரே இலவசக் கடை போட்டால் எதிர்க்கடை எத்தனை நாள் தாங்கும்? 1998-இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் அவர் முகத்தில் கிரீம் கேக்கை அப்பினார்கள். 2000-இல் நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொன்னது நீதிமன்றம். மறு ஆண்டு மேல்முறையீட்டில் உடைப்பு ரத்தானாலும், சட்டத்தை மீறினார்கள் என்பது நிலைத்தது.

அந்த 2000-இல்தான் கேட்ஸ் அறநிறுவனம் இன்றைய வடிவம் பெற்றது. பேரை மீட்கத்தான் இந்தத் தானம் என்று அன்றே பேசினார்கள். இருக்கலாம். ஆனால் ஏழை நாட்டுக் குழந்தைகளின் தடுப்பூசிக்கும் போலியோ ஒழிப்புக்கும் பணம் போனது உண்மை. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. 2045-க்குள் ஏறக்குறைய எல்லாச் சொத்தையும் கொடுத்து முடித்து நிறுவனத்தை மூடப்போவதாகச் சென்ற 2025 மே மாதம் அறிவித்தார்.

நியாயமான குறைகளும் உண்டு. 2009-இல் அவர் பணத்தில் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். நம் பள்ளிகளில் 2010 முதல் 13 வயது மாணவிகளுக்கு இலவசமாகப் போடுவதும் அந்த நோய்க்கான ஊசிதான். சில சிறுமிகள் இறந்தார்கள். ஊசி காரணமல்ல என்றே விசாரணை கருதியது. ஆனால் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் நமக்காகக் கிராணி கையெழுத்துப் போட்ட காலம் நினைவிருப்பவர்களுக்கு இது உறைக்கும்.

என் குறையும் இதுதான். பெறுகிறவரை யாரும் கேட்பதில்லை. நம் பேராக்கில் வேறொரு வழி இருந்தது. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதாமாதம் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அவர்கள் தானம் வாங்கியவர்கள் அல்லர், பங்குதாரர்கள். கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

கேட்ஸிடம் கணக்குக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அதற்காகப் பிள்ளையின் ஊசியை நிறுத்துவது வேறு. 27 ஆண்டுகளாக இல்லாத போலியோ, 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு வந்தது.