மேமோ மென்பொருள் உருவாக்கம்

மேமோ என்பது நோக்கியா நிறுவனம் தனது இணையப் பலகைகளுக்காகவும், பின்னர் நகர்பேசிக்காகவும் உருவாக்கிய லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளம் ஆகும். இது டெபியன் வழங்கலைத் தழுவியது. இதற்கான பயன்பாட்டு மென்பொருட்களை எழுதும் முறை, மேசைக்கணினி லினக்ஸுக்கு எழுதும் முறையைப் பெரிதும் ஒத்திருந்தது. விண்டோஸ் சூழலில் பழகிய நிரலாளர் மேமோவுக்கு வரும்போது எதிர்கொண்ட வேறுபாடுகளையும், பயன்பட்ட கருவிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. நோக்கியாவின் மேமோ வளர்ச்சி நின்றுவிட்டபோதிலும், இதே அடிப்படைகள் இன்றைய நகர்பேசி லினக்ஸ் தளங்களுக்கும் பொருந்துவன.

வரலாறு

மேமோவுடன் வெளிவந்த முதற் கருவி நோக்கியா 770 (2005) ஆகும். இதில் தொலைபேசி வசதி இல்லை. இதனைத் தொடர்ந்து 2007இல் என்800, என்810 ஆகியன வந்தன. 2009இல் வெளியான என்900, மேமோ 5 உடன் வந்த நகர்பேசி ஆகும். இது 600 மெகாஹெர்ட்சு வேகமுள்ள ஆர்ம் மையச் செயலகம், 256 மெகாபைட் நினைவகம், 800×480 படவணுத் திரை ஆகியவற்றைக் கொண்டிருந்தது.

குறுக்குத் தொகுப்பு

விண்டோஸ் கணினியில் எழுதிய நிரல் பெரும்பாலும் அதே வகைக் கணினியிலேயே இயங்கும். நகர்பேசியில் அவ்வாறன்று. நிரல் எழுதும் கணினியின் மையச் செயலகம் எக்ஸ்86 வகை. கருவியினுடையது ஆர்ம் வகை. ஒரு வகைக் கணினியில் இருந்துகொண்டு மற்றொரு வகைக்கான இயங்குநிரலை உண்டாக்குவது குறுக்குத் தொகுப்பு எனப்படும்.

மேமோவில் இதற்கு ஸ்கிராட்ச்பாக்ஸ் என்னும் கருவி பயன்பட்டது. இது லினக்ஸில் மட்டுமே இயங்கியதால், விண்டோஸ் பயனர்கள் மெய்நிகர் கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்கிராட்ச்பாக்ஸில் எக்ஸ்86, ஆர்ம் என இரு இலக்குகள் இருந்தன. நிரலாளர் முதலில் எக்ஸ்86 இலக்கில் தொகுத்து, செஃபைர் என்னும் சாளரத்தினுள் மேமோ திரையைத் திறந்து சோதிப்பார். பின்னர் ஆர்ம் இலக்கில் தொகுத்துக் கருவிக்கு மாற்றுவார்.

முதற் சோதனையில் தேறிய நிரல் கருவியில் பிழைபடுவது உண்டு. எடுத்துக்காட்டாக, சி மொழியின் 'கார்' தரவு வகை எக்ஸ்86 லினக்ஸில் எதிர்ம எண்களையும் ஏற்கும்; ஆர்ம் லினக்ஸில் இயல்பாக நேர்ம எண்களை மட்டுமே ஏற்கும். ஒரு 'கார்' மாறியில் -1 என்று இட்டுப் பின்னர் அதனை -1 உடன் ஒப்பிடும் நிரல், முன்னதில் சரியாகவும் பின்னதில் தவறாகவும் நடந்துகொள்ளும். எனவே கருவியிலேயே சோதிப்பது இன்றியமையாதது.

விண்டோஸ் நிரலாளர் கவனிக்க வேண்டியவை

* கோப்புப் பெயர்: லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாக ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை வேறுபடுத்தும். தலைப்புக் கோப்பின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தொகுப்பு நின்றுவிடும்.
* வரி முடிவு: விண்டோஸ் உரைக்கோப்பின் ஒவ்வொரு வரி முடிவிலும் இரு குறிகள் உள்ளன, லினக்ஸில் ஒன்றுதான். விண்டோஸில் சேமித்த கட்டளைநிரல் லினக்ஸில் இயங்க மறுப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.
* எழுத்துரு அல்ல, குறியீடு: விண்டோஸ் உள்ளே யூடிஎஃப்-16 முறையையும், லினக்ஸ் நூலகங்கள் பல யூடிஎஃப்-8 முறையையும் கையாள்கின்றன. 'த' என்னும் எழுத்து முன்னதில் 2 பைட்டுகளும் பின்னதில் 3 பைட்டுகளும் பிடிக்கும். ஒரு பைட்டு ஓர் எழுத்து என்று கொண்டு எழுதிய நிரலில் தமிழ் உரை நடுவில் அறுபட்டுச் சிதையும்.
* அமைப்புத் தரவு: லினக்ஸில் ரெஜிஸ்ட்ரி இல்லை. அமைப்புகள் பெரும்பாலும் கோப்புகளில் சேமிக்கப்படுகின்றன.

பயனர் இடைமுகம்

மேமோவின் இடைமுகம் ஹில்டன் எனப்பட்டது. இது ஜிடிகே+ நூலகத்தின் மேல் அமைந்தது. வின்32 முறையில் ஒரு சாளரத்துக்கு வரும் செய்திகள் அனைத்தும் ஒரே செயற்கூற்றுக்கு வரும். அதனுள் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். ஜிடிகே+ இல் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனிச் செயற்கூற்றை இணைக்கலாம். 'பொத்தான் அழுத்தப்பட்டால் இதனைச் செய்' என்று முன்கூட்டியே பதிந்துவிட்டு, நிரல் முதன்மைச் சுழற்சிக்குள் நுழைகிறது. இரு முறைகளிலும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

2010இல் வந்த இற்றைப்படுத்தலுடன் கியூட்டி 4.6 நூலகம் மேமோ 5இல் இணைந்தது. சி++ அறிந்த விண்டோஸ் நிரலாளருக்கு இது எளிய வழியாயிற்று. ஏனெனில் கியூட்டி விண்டோஸிலும் இயங்கும். நிரலின் பெரும்பகுதியை விண்டோஸிலேயே எழுதிச் சோதித்துவிட்டு, இறுதியில் மேமோவுக்குத் தொகுக்கலாம். விண்டோஸிலிருந்தே மேமோவுக்குத் தொகுக்க உதவிய மேட் என்னும் கருவியும் இருந்தது. பைத்தான் மொழியிலும் மென்பொருட்கள் எழுதப்பட்டன.

பொதியாக்கமும் வெளியீடும்

மேமோ மென்பொருட்கள் டெபியன் பொதிகளாக வழங்கப்பட்டன. ஒரு பொதி தனக்குத் தேவையான பிற நூலகங்களின் பெயர்களைத் தன்னுள் கொண்டிருக்கும். நிறுவும்போது அவையும் களஞ்சியத்திலிருந்து தாமே வந்து சேரும்.

என்900இன் மூல அடைவு 256 மெகாபைட் அளவுள்ள சிறிய நினைவகத்தில் இருந்தது. அது நிரம்பினால் புதிய மென்பொருளை நிறுவ இயலாது. எனவே பெரிய கோப்புகளை 'ஆப்ட்' அடைவில் இடுமாறு நிரலாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

தன்னார்வலர்களின் மென்பொருட்கள் மூன்று களஞ்சியங்களைக் கடந்து பயனரை அடைந்தன. முதலாவது நிரலாளருக்கானது, இரண்டாவதில் பயனர்கள் சோதித்து வாக்களித்தனர், தேறியவை மூன்றாவதான 'எக்ஸ்ட்ராஸ்' களஞ்சியத்துக்குச் சென்றன.

மேமோவுக்குப் பின்

2010 பெப்ரவரியில் மேமோவும் இன்டெலின் மோப்ளினும் இணைந்து மீகோ ஆகும் என அறிவிக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, 2011 பெப்ரவரியில், நோக்கியா விண்டோஸ் ஃபோனைத் தனது முதன்மைத் தளமாகத் தேர்ந்தது. அதே ஆண்டில் வந்த என்9 கருவியின் இடைமுகம் கியூட்டியின் மேல் அமைந்தது. ஹில்டனோடு பின்னிப் பிணைந்த நிரல்களின் இடைமுகத்தை மீண்டும் எழுதவேண்டியிருந்தது. கணிப்பு, கோப்புக் கையாளல், வலையிணைப்பு ஆகியவற்றை இடைமுகத்திலிருந்து பிரித்து எழுதியோரின் உழைப்பு அவ்வளவாக வீணாகவில்லை. நிறுவனத்தின் முடிவு நிரலாளரின் கையில் இல்லை; நிரலின் கட்டமைப்பு அவர் கையில் உள்ளது. மேமோவின் வரலாறு புதிய நிரலாளருக்குத் தரும் முதன்மையான பாடம் இதுவே.

மீகோவின் வழிவந்த செயில்ஃபிஷ் இயங்குதளத்தை யொல்லா நிறுவனம் உருவாக்கியது. இதன் மென்பொருட்கள் கியூட்டியிலும் கியூஎம்எல் மொழியிலும் எழுதப்படுகின்றன. உருவாக்கக் கருவிகள் விண்டோஸிலும் இயங்கும். என்900 போன்ற கருவிகளுக்காகத் தன்னார்வலர்கள் மேமோ லெஸ்டே என்னும் தளத்தை உருவாக்கி வருகின்றனர். விண்டோஸினுள்ளேயே லினக்ஸை இயக்கும் துணை அமைப்பு 2016 முதல் கிடைப்பதால், இன்று தொடங்கும் மாணவர் தனி மெய்நிகர் கணினியை அமைக்காமலே முனையத்தையும் தொகுப்பியையும் பொதியாக்கத்தையும் பழகலாம். அங்கு ஒரு சிறு நிரலை எழுதிப் பொதியாக்கிப் பார்ப்பது நல்ல தொடக்கமாகும்.