நாகேஷும் ஒரு ரயில்வேக்காரர்

பள்ளியில் மலையாளம் படிக்கும் என் பேரன், ஆங்கில நகைச்சுவை நடிகர் மைக்கேல் பேலினின் பயணப் புத்தகத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். 1988இல் விமானம் ஏறாமல் உலகைச் சுற்றியவர் அவர். பம்பாயிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்து, சரக்குக் கப்பலில் சிங்கப்பூர் போனார். ஊராரைக் கேலி செய்யமாட்டார்; திண்டாடும் தம்மையே கேலி செய்துகொள்வார்.

நம் நாகேஷும் அந்த ரகம்தான். தாராபுரத்துக்காரர், அம்மைத் தழும்பு முகம், ரயில்வேயில் குமாஸ்தா. (எங்கள் இலாகா என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்!) நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக வந்த சிறு வேடத்துக்கே எம்.ஜி.ஆர். பாராட்டிக் கோப்பை கொடுத்தார். அப்பா பணத்தில் படமெடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக அவர் பாலையாவைக் கதிகலங்க வைத்த 'காதலிக்க நேரமில்லை' (1964), பொள்ளாச்சிக்குப் பக்கத்திலுள்ள ஆழியாறில் எடுத்த படம்.

அவர் சொல்ல, எஸ். சந்திரமௌலி எழுதிய 'நான் நாகேஷ்' வீட்டில் இருக்கிறது. பேரனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். இரவில் நான் வாசிக்கிறேன், அவன் கேட்கிறான்.